பனி உறையும் நாளும் பள்ளி திறக்கும் நாளும்

ஹாக்கி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் உள்ளத்தில் முதலில் தோன்றுவது கோவில்பட்டியாகத்தான் இருக்கும். கடலைமிட்டாய்க்கும் தீப்பெட்டிக்கும் பெயர் பெற்ற அவ்வூர், தலைமுறை தலைமுறையாக ஹாக்கி ஆட்டக்காரர்களையும் ஈன்று வந்திருக்கிறது. 2025ஆம் ஆண்டின் இறுதியில் இளையோர் உலகக் கோப்பைப் போட்டி சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்றபோது, தலைநகரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பல, தம் வீட்டுத் திருமணம் ஊரில் நடப்பதைப் போன்ற பெருமிதத்தோடு அதனைக் கண்டு களித்தன. நம் நாட்டு இளைஞர்கள் அர்ஜென்டினாவை வென்று வெண்கலப் பதக்கம் பெற்ற அன்று எங்கள் குடியிருப்பிலும் இனிப்பு வழங்கப்பட்டது.

ஆயினும் நாங்கள் இங்கே எழுதப் புகுந்தது அந்த ஹாக்கியைப் பற்றியன்று. அதற்குப் புல்லோ, புல்லைப்போல் நெய்த விரிப்போ போதும். நாங்கள் சொல்லவந்த ஹாக்கிக்கு நீர் உறைந்து பாறையாகும் குளிர் வேண்டும். அக்குளிர் நம் நாட்டிலும் உண்டு. அதில் ஆடும் பிள்ளைகளும் உண்டு.

உத்தியோக நிமித்தமாக லடாக்கில், லே நகரை அடுத்த ஒரு சிற்றூரில், மூன்று குளிர்காலங்கள் குடும்பத்தோடு வாழும் வாய்ப்பு எங்களுக்கு நேர்ந்தது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரம். மாடிப்படி ஏறினாலே நெஞ்சு படபடக்கும். நாங்கள் குடியிருந்த வீட்டுச் சன்னலுக்குக் கீழேயே அவ்வூர்ப் பிள்ளைகளின் ஆடுகளம் இருந்தது. கோடையில் அஃது வாற்கோதுமை விளையும் வயல். மார்கழி பிறந்தால் பனிக்கட்டித் தளம். முதல் ஆண்டு சன்னல் வழியே பார்த்தோம். இரண்டாம் ஆண்டு வரப்பில் நின்று பார்த்தோம். மூன்றாம் ஆண்டு அணிக்கு வெந்நீரும் தேநீரும் கொண்டுசெல்லும் பொறுப்பு எங்கள் வீட்டைச் சேர்ந்ததாகிவிட்டது. டில்லிக்கு மாற்றலாகி வந்த பிறகும் ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டில் தீபாவளிப் பேச்சோடு இன்னொரு பேச்சும் எழுகின்றது: இவ்வாண்டு பிள்ளைகளின் அணி எப்படி?

அணியைப் பற்றிப் பேசுமுன் ஆட்டத்தைப் பற்றி இரண்டொரு சொற்கள். ஒரு பக்கத்திற்குக் கோல் காப்பாளனையும் சேர்த்து 6 பேர் களத்தில் நிற்பர். பந்துக்குப் பதிலாக ‘பக்’ எனப்படும் கெட்டி ரப்பர் வட்டு. குறுக்களவு 3 அங்குலம், கனம் 1 அங்குலம், எடை ஏறத்தாழ 160 கிராம். இருபது இருபது நிமிடங்களாக மூன்று பகுதிகள். ஆட்டம் நில்லாமல் நடந்துகொண்டிருக்கும்போதே களைத்தவர் வெளியேறப் புதியவர் உட்புகலாம். முழு வேகத்தில் சறுக்குபவன் முக்கால் நிமிடத்திற்குமேல் தாக்குப்பிடிப்பது அரிது. ஆகவே ஐவர் ஐவராக வரிசை கட்டிக்கொண்டு மாறி மாறி இறங்குவர். இந்த ‘வரிசை’ என்ற ஒன்றை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், பின்னர் பயன்படும்.

இவ்வாட்டம் லடாக்கில் வேரூன்றியதற்கு அங்கே எல்லை காத்து நிற்கும் இராணுவத்தினர் பெருங்காரணம் என்பர். குளிர்காலத்தில் பாதைகள் அடைபட்டுக் கிடக்கும் மாதங்களில் அவர்களுக்கும் பொழுது போக வேண்டுமல்லவா? ஊர் இளைஞர்கள் அதனைப் பார்த்துக் கற்றனர். இராணுவக் காலணியின் அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்திக்கொண்டு சறுக்கியதையும், கிரிக்கெட் காற்காப்பைக் கட்டிக்கொண்டு கோல் காத்ததையும், செருப்பின் அடிப்பாகத்தை அறுத்துப் பக்காக்கியதையும் முதியவர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்லுகின்றனர். 1989இல் இந்தியா சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பில் சேர்ந்தது. ஆனால் நம் ஆடவர் அணி முதன்முதலாகப் பன்னாட்டுப் போட்டியொன்றில் இறங்கியது 2009இல்தான், அதுவும் அபுதாபியில்! உறைபனி நாட்டிலிருந்து புறப்பட்டவர்கள் பாலைவன நகரத்தில்தான் முறையான பனிக்கட்டித் தளத்தைக் கண்டனர் என்பது வேடிக்கைபோலத் தோன்றலாம். செயற்கைக் குளிருக்குப் பணம் வேண்டும். இயற்கைக் குளிருக்குப் பொறுமை வேண்டும்.

அந்தப் பொறுமையை நாங்கள் கண்ணாரக் கண்டிருக்கிறோம். அறுவடை முடிந்த வயலைச் சமன்படுத்தி, நான்கு புறமும் வரப்பை உயர்த்தி, டிசம்பர் முதல் வாரத்தில் பிள்ளைகள் மண்வெட்டியோடு காத்திருப்பர். பகலில் ஒரு துளி நீரும் விடமாட்டார்கள். கதிரவன் அதனை உறையவிடான். இருட்டியபின் வாய்க்காலின் மடையைத் திறப்பர். ஒரேயடியாக நீரைத் தேக்கினால் மேற்புறம் ஓடுபோல உறைந்துவிடும். அடியிலுள்ள நீர் மண்ணில் வடிந்துபோய் வெற்றிடம் நிற்கும். கால் வைத்தால் அப்பளம்போல் நொறுங்கும். ஆகவே தோசைக்கல்லில் மாவைப் பரப்புவதுபோல மெல்லிய படலமாக நீரைப் பரப்பி, அது கெட்டிப்பட்ட பின்னரே அடுத்த படலத்தை விட வேண்டும். ஓர் இரவில் இரண்டு படலம் ஏறினால் நல்ல இரவு. காவிரிக்கரையில் முறை வைத்து இரவில் நீர் பாய்ச்சும் குடியானவர்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, அரிக்கேனுக்குப் பதிலாக நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு வரப்பில் குந்தியிருந்த அப்பிள்ளைகள் அந்நியராகத் தோன்றவில்லை. பாய்ச்சுகின்ற நீர் பயிராவதற்குப் பதில் பாறையாக வேண்டும் என்பது ஒன்றே வேறுபாடு.

இவ்வாறு பத்துப் பன்னிரண்டு இரவுகள் உழைத்தால் ஏறத்தாழ எட்டு வாரம் ஆடலாம். மாசி நடுவில் வெயில் ஏறத் தொடங்கினால் தளம் வியர்க்கும், பிறகு குழையும், பிறகு வயலாகும். எட்டு வாரத்திலும் நண்பகல் ஆட்டம் கூடாது. விடியற்காலையும் அந்தியுமே ஆட்டநேரம். காற்று கொண்டுவந்து தூவும் மணல்துகள் இரவெல்லாம் தளத்தில் உறைந்து ஸ்கேட்டின் கூர்மையைத் தின்றுவிடும். சாணை பிடிக்கும் இயந்திரம் எல்லா ஊரிலும் இல்லை. எனவே மழுங்கிய விளிம்போடு வளைந்து திரும்பும் வித்தையை இப்பிள்ளைகள் தாமாகவே கற்றிருக்கின்றனர். அவர்கள் இடுப்பை ஒடித்துத் திரும்பும் முறை எந்தப் பாடப்புத்தகத்திலும் இராதென்று பயிற்சியாளர் சொல்லுவார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தமும் உண்டு, பெருமையும் உண்டு.

பயிற்சியாளர் லடாக் ஸ்கவுட்ஸ் படையில் ஹவில்தாராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் அவரை ‘ஆச்சோ’ என்று அழைப்பார்கள்; நம் வழக்கில் அண்ணன். வயது ஐம்பதுக்குமேல். அதட்டிப் பேசமாட்டார். தவறு செய்தவனைத் தம் அருகில் அழைத்து, அவன் செய்ததைத் தாமே சறுக்கிச் செய்துகாட்டி, ஒன்றும் சொல்லாமல் திருப்பி அனுப்பிவிடுவார். எங்கள் தமிழ்நாட்டு உடற்பயிற்சி ஆசிரியர்கள் சிலருக்கு அவரிடம் ஒருமாதம் பாடம் எடுக்கலாம் என்று நாங்கள் எண்ணியதுண்டு.

சென்ற வாரம் அவரோடு தொலைபேசியில் நெடுநேரம் பேசினோம். பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அணியில் சென்ற குளிர்காலம் 16 பேர் இருந்தனர். மூவர் வயது வரம்பைக் கடந்துவிட்டமையால் இவ்வாண்டு 13 பேர். கோல் காப்பாளனை நீக்கினால் 12. இரண்டு முழு வரிசைகள். மேலே இருவர் உதிரி. நகரத்து அணிகள் மூன்று வரிசையோடு வரும். மூன்று வரிசை உள்ள அணியின் ஆட்டக்காரன் முக்கால் நிமிடம் ஆடி ஒன்றரை நிமிடம் இளைப்பாறுவான்; நம் பிள்ளைகள் ஆடிய அளவே இளைப்பாறுவர். முதற்பகுதியில் இவ்வேறுபாடு தெரியாது. மூன்றாம் பகுதியின் கடைசிப் பத்து நிமிடத்தில் இஃது ஒன்றுதான் தெரியும். சென்ற ஆண்டு முன்னணியில் நின்று பின்னர் தோற்ற ஆட்டங்கள் இரண்டும் அப்படித் தோற்றவையே.

முதல் வரிசையின் முன்னாட்டக்காரர் மூவரைப் பற்றி எங்களுக்கு ஐயமேயில்லை. ஒரே வாய்க்கால் நீரைக் குடித்து, ஒரே பள்ளியில் படித்து வளர்ந்தவர்கள். ஒருவன் எப்பக்கம் திரும்புவான் என்பதை மற்றவன் பாராமலே அறிவான். நடுவில் ஆடும் பையன் குள்ளமானவன். பக்கைத் தன் மட்டையோடு ஒட்டவைத்தாற்போல் நடத்திச் செல்லுவான். அவனுக்கு ஓர் அதிசய வழக்கம்: வலக்கையால் எழுதுபவன், மட்டையை மட்டும் இடக்கை ஆட்டக்காரனைப்போலப் பிடிப்பான். காரணம் கேட்டோம். இவ்வாட்டத்தின் மட்டைக்கு நுனியில் வளைவு உண்டு. வலப்பக்கத்தாருக்கு ஒருவிதம், இடப்பக்கத்தாருக்கு மற்றொருவிதம். அவனுக்கு ஏழு வயதில் நன்கொடையாகக் கிடைத்தது இடப்பக்க மட்டை. கிடைத்த மட்டைக்கு அவன் கை பழகிக்கொண்டது. அவ்வளவுதான்.

பின்னாட்டம்தான் கவலை. பின்னணியில் ஆடுபவன் பகைவனை நோக்கியபடியே பின்னோக்கிச் சறுக்க வேண்டும். நம் பிள்ளைகள் முன்னோக்கிப் பறப்பதில் எவருக்கும் இளைத்தவரல்லர். பின்னோக்கிச் சறுக்கும்போது மட்டும் கன்று நடப்பதுபோல் தடுமாறுகின்றனர். மற்றொரு குறையும் உண்டு. முறையான தளத்தைச் சுற்றி மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன தடுப்புச்சுவர் இருக்கும். அதில் பக்கை மோதவிட்டுத் தெறிக்கச் செய்து தோழனுக்கு அனுப்புவது இவ்வாட்டத்தின் பாதிக் கலை. எங்கள் வயலுக்குச் சுற்றிலும் வரப்புதான். வரப்பில் பட்ட பக் தெறிக்காது, புதைந்துவிடும். லே நகரத் தளத்தில் முதன்முறை ஆடியபோது, சுவரில் பட்டுத் திரும்பிவந்த பக்கை நம் பையன் ஒருவன் திகைத்துப் பார்த்துக்கொண்டே நின்ற காட்சி எங்களுக்கு மறக்காது. இவ்வாண்டு வரப்போரம் பழைய பலகைகளை நிறுத்தியிருப்பதாக ஆச்சோ சொன்னார். ஒரு பக்கத்திற்குத்தான் பலகை கிடைத்ததாம். ஒரு பக்கமாவது கிடைத்ததே.

இவையெல்லாம் பயிற்சியால் தீரக்கூடியவை. தீராத கவலை கோல் காப்பாளனைப் பற்றியது.

அவனுக்கு இப்போது பதினாறு வயது. மூன்று ஆண்டுகளாக அவன்தான் காப்பாளன். இவ்வாட்டத்தில் காப்பாளனாக நிற்க எவனும் எளிதில் முன்வரமாட்டான். சறுக்கிப் பறப்பதில் உள்ள இன்பம் அவனுக்கில்லை. தோல்விக்குப் பழி மட்டும் முழுதாக உண்டு. இவன் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டான். உயரமானவன், சாந்தமானவன். பக் வரும் திசையை அடிப்பவனின் தோளைப் பார்த்தே கணித்துவிடுவான். அவனுக்குரிய கவசம், காற்காப்பு, முகமூடி, கையுறைகள், அகன்ற மட்டை ஆகிய யாவும் புதிதாக வாங்கினால் ஓர் இலட்சம் ரூபாயைத் தாண்டும். ஊரில் இருப்பது ஒரே ஒரு தொகுதி. அதுவும் வெளிநாட்டு அன்பர் ஒருவர் அளித்துச் சென்றது. அதன் அளவு இவனுக்கே சரியாகப் பொருந்தும்.

அவன் பத்தாம் வகுப்பில் மிக நல்ல மதிப்பெண்கள் பெற்றான். செய்தி கேட்டு நாங்கள் இங்கே பாயசம் வைத்தோம். நல்ல மதிப்பெண் பெற்ற லடாக்குப் பிள்ளைகள் பலர் செய்வதையே அவனும் செய்தான்: மேல்வகுப்புக்கும் பொறியியல் நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கும் சண்டிகருக்குப் போனான்.

இங்கேதான் இரண்டு நாட்காட்டிகள் மோதுகின்றன. லடாக்கில் பள்ளிகளுக்கு நெடுவிடுமுறை குளிர்காலத்தில். ஏறத்தாழ டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிய. வகுப்பறையில் உட்கார இயலாத குளிர் என்பதற்காக விடப்படும் விடுமுறை அது. ஆனால் அதுவே ஆட்டத்திற்கு உரிய காலம். பனி உறையும்போது பள்ளி மூடும், பனி உருகும்போது பள்ளி திறக்கும். பிள்ளைகள் ஐஸ் ஹாக்கி ஆடுவதற்காகவே யாரோ வகுத்து வைத்ததுபோல இருக்கும். சமவெளியில் முறையே வேறு. நெடுவிடுமுறை கோடையில். குளிர்காலத்தில் ஜனவரித் தொடக்கத்தில் பத்துப் பதினைந்து நாளோடு சரி. அந்தக் காலத்தில் லேக்குச் செல்லும் மலைப்பாதைகள் நம்பத்தக்கனவல்ல, விமானமே கதி. அதன் கட்டணமோ சொல்லி முடியாது. மேகம் கவிந்தால் புறப்பட்ட விமானமும் திரும்பிவிடும். போய் இறங்கிய பின்னும் அந்த உயரத்துக்கு உடல் மீண்டும் பழக இரண்டு நாளாவது வேண்டும். எஞ்சியிருப்பது ஒரு வாரம். எட்டு வார ஆட்டக் காலத்தில் ஒரு வாரம் வந்து நிற்கும் காப்பாளனை வைத்துக்கொண்டு ஓர் அணியை எவ்வாறு கட்டுவது?

இந்த நாட்காட்டிச் சிக்கலை நம் வாசகர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. டில்லியிலும் போபாலிலும் கல்கத்தாவிலும் வளர்ந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ஊரில் பொங்கலைக் கண்டிருக்கின்றனர்? மாட்டுப் பொங்கலன்று ஊரில் மாட்டுக்கொம்புக்கு வர்ணம் பூசும்போது இவர்கள் ஆண்டுத்தேர்வுக்கு நெட்டுருப் போடுகின்றனர். விடுமுறை கிடைத்து ஊருக்குப் போனால் அங்கே கத்தரி வெயிலும் வறண்ட ஆறும். ஒரு மண்ணின் விழாவும் விளைச்சலும் ஒரு கணக்கில் ஓடுகின்றன. பிள்ளைகளின் படிப்பு வேறொரு கணக்கில் ஓடுகின்றது. நாம் பிழைப்புக்காக ஊரை விட்டோம். அம்மலைநாட்டார் பிள்ளைகளின் படிப்புக்காகப் பிள்ளைகளை விடுகின்றனர்.

அவன் தந்தை சிறு விவசாயி. கொஞ்சம் பாதாமி மரங்கள், இரண்டு மூன்று பசுக்கள். அவரை நாங்கள் நன்கு அறிவோம். ஆட்டத்தை அவர் வீண்வேலை என்று கருதுபவரல்லர். அவர் ஊரில் அப்படிக் கருதவும் இயலாது. நன்றாக ஆடிய இளைஞர்கள் சிலர் விளையாட்டுப் பிரிவில் இராணுவத்திலும் இந்தோ-திபெத்திய எல்லைக் காவற்படையிலும் வேலை பெற்றிருப்பதைக் கண்டிருக்கிறார். ‘பையன் காப்பாளனாக நின்றால் ஒரு வழி, பொறியாளனானால் வேறொரு வழி. இரண்டு வழியிலும் சோறு உண்டு. ஆனால் ஒரு வழிக்கு எட்டு வாரம் வேண்டும், மற்றொன்றுக்குப் பத்து மாதம் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் பத்து மாதத்திற்குமேல் ஆகிறதே, சார்!’ என்றார் அவர். கணக்கில் பிழையில்லை.

எட்டு வாரம் என்று சொல்லுகின்றோமே, அந்த எட்டு வாரமும் இனி நிச்சயமில்லை. குளிர் பிந்தி வருகின்றது, வெயில் முந்தி வருகின்றது என்று அங்கே ஆடு மேய்ப்பவர் முதல் ஆட்டக்காரர் வரை எல்லாரும் சொல்லுகின்றனர். சிம்லாவில் 1920 முதல் இயற்கைக் குளிரால் நீரை உறையவைத்துச் சறுக்கும் பழைய தளம் ஒன்று உண்டு. அங்கும் சறுக்கத் தகுந்த நாட்கள் முன்னிருந்ததைக் காட்டிலும் மிகக் குறைந்துவிட்டன. ஆகவே செயற்கைத் தளமே கதி என்றாகிறது. கான்கிரீட் தரைக்குள் குழாய்களைப் பதித்து, உறையாத குளிர்நீர்மத்தை அவற்றில் ஓயாமல் ஓட்டி, மேலே ஊற்றும் நீரை உறையச் செய்வர். லே நகரில் நவாங் தோர்ஜே ஸ்டோப்தான் பெயரால் அமைந்த விளையாட்டரங்கில் அத்தகைய தளம் அமைந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் முதன்முறையாக லடாக்கில் நடைபெற்றன. அடுத்த ஆண்டு ஜனவரியிலும் அங்கே நடைபெற்றபோது, சறுக்கோட்டத்தில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தங்கம் வென்றனர்! பனிக்கட்டியையே காணாத ஊர்களில், சக்கரம் பூட்டிய ஸ்கேட்டில் தார்த்தரையிலும் சிமெண்டுத் தளத்திலும் பழகியவர்கள். ஆச்சோ அன்று எங்களைப் பார்த்து, ‘உங்கள் ஊரில் பனி இல்லை என்றீர்களே!’ என்று கேலி செய்தார்.

டேராடூனில் 2011ஆம் ஆண்டுத் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காகக் கூரையோடு கூடிய பெரிய தளம் ஒன்று கட்டப்பட்டது. பின்னர் அது பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்தது. 2025இல் மீண்டும் திறக்கப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்டில் ஆசிய அளவிலான சறுக்கோட்டப் போட்டி அங்கே நடந்தது. கோடையிலும் பனிக்கட்டி கிடைக்குமாயின் சண்டிகரில் படிக்கும் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல செய்தி இல்லை. சண்டிகருக்கும் டேராடூனுக்கும் பேருந்திலேயே போய்விடலாம். ஆனால் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு அங்கே பயிற்சிநேரம் கிடைக்குமா, தங்க இடம் எது, செலவை யார் ஏற்பது என்பன எல்லாம் அடுத்தடுத்து எழும் கேள்விகள். நகரத் தளத்திலும் இதே நிலைதான். பெரியவர் அணிகள் ஆடி முடித்தபின் மிஞ்சும் நேரமே இளையோருக்கு. ஒருமுறை எங்கள் பிள்ளைகளுக்கு விடியற்காலை ஐந்தரை மணி ஒதுக்கப்பட்டது. சறுக்கிக்கொண்டே உறங்கினான் ஒருவன்.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முன்னெல்லாம் ஆண்கள் ஆடி ஓய்ந்தபின் அவர்கள் கழற்றிவைத்த ஸ்கேட்டை வாங்கி மாட்டிக்கொண்டு ஆடியவர்கள் அவர்கள். இந்திய மகளிர் அணி 2016இல் தைபேயில் முதன்முதலாகப் பன்னாட்டுப் போட்டியில் ஆடிற்று. 2017இல் பாங்காக்கில் தன் முதல் வெற்றியைக் கண்டது. கனடா நாட்டின் புகழ்பெற்ற ஆட்டக்காரி ஹெய்லி விக்கன்ஹைசர் 2018 ஜனவரியில் லேக்கு வந்து பெண்களுக்குப் பயிற்சியளித்தார். 2025இல் ஐக்கிய அரபு நாட்டின் அல் அய்ன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் நம் மகளிர் வெண்கலம் வென்றனர். அச்செய்தி வந்தபின் எங்கள் சிற்றூரில் தாய்மார்களின் மனம் மாறியதை நாங்கள் நேரில் கண்டோம். ‘முகத்தில் அடிபட்டால் யார் கட்டிக்கொள்வான்?’ என்று கேட்டுக்கொண்டிருந்த மூதாட்டியே பேத்தியின் ஸ்கேட்டுக்கு நாடா வாங்கிக் கொடுத்தாள். இப்போது எட்டுப் பெண்கள் பயிற்சிக்கு வருகின்றனராம். அவர்களுள் ஒருத்தி காப்பாளராக நின்று நன்றாகத் தடுக்கிறாள் என்கிறார் ஆச்சோ. ஆனால் போட்டிகளில் ஆடவர் பிரிவும் மகளிர் பிரிவும் வேறு வேறாதலின் அவளைக்கொண்டு இந்தக் குறையை நிரப்ப வழியில்லை.

சரி, அணி எப்படி? எங்கள் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அண்டை ஊர் அணிகளை இவர்கள் வெல்லுவர், அதில் ஐயமில்லை. முதல் வரிசை மூவரும் நலமாக இருந்தால் மாவட்ட அளவில் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக வருவதற்கு எல்லாத் தகுதியும் உண்டு. பலகை நிறுத்திய ஒரு பக்கத்திலாவது தெறிப்பாட்டம் பழகினால் நகரத்து அணிகளுக்கு ஓரிரு அதிர்ச்சியும் கொடுக்கலாம். இவை யாவும் காப்பாளன் வந்தால். வராவிட்டால் ஆட்டத்துக்கு ஐந்து கோல் போட்டாலும் ஆறு கோல் வாங்கும் அணி இது. பார்ப்பவர்க்கு நல்ல விருந்து. ஆச்சோவுக்கு நல்ல தண்டனை.

மாற்றுக் காப்பாளன் ஒருவனைத் தயார் செய்கின்றனர். அவனுக்குப் பன்னிரண்டு வயது. அஞ்சாதவன். ஆனால் காற்காப்பைக் கட்டினால் அது தொடையையும் தாண்டி இடுப்பைத் தொடுகின்றது. குனிந்தால் நிமிர்வதற்கு யாரேனும் தூக்கிவிட வேண்டும். அவன் நின்ற பயிற்சி ஆட்டத்தின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பியிருந்தார்கள். கவசம் தானாகவே கோலுக்கு முன்னால் நிற்பதுபோல் இருந்தது. உள்ளே பையன் இருப்பது முகமூடிக்குள் தெரிந்த பல்வரிசையால்தான் விளங்கிற்று.

சண்டிகரிலிருக்கும் மூத்தவன், ஜனவரி விடுமுறையோடு பத்து நாட்கள் கூடுதலாகக் கேட்டுப் பள்ளி முதல்வருக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறான்; தந்தையும் தனியே ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அதனை இந்தியில் திருத்திக் கொடுக்கும்படி எங்களைக் கேட்டார். திருத்த வேண்டியதாக அதில் ஒன்றும் இல்லை. இதனை எழுதும் நாள்வரை பதில் வரவில்லை. வாய்க்காலில் விளிம்பு கட்டத் தொடங்கிவிட்டதாம். காற்காப்பு ஆச்சோ வீட்டுச் சுவரில் தொங்குகின்றது. சின்னவனின் தாய் அதன் வார்களில் அவன் அளவுக்கு இரண்டிரண்டு துளைகள் புதிதாகப் போட்டு வைத்திருக்கிறாள். பழைய துளைகளை அடைக்கவில்லை.